அமிர்தவல்லி டிராஃப்ட் எடுத்த சனிக்கிழமை

அமிர்தவல்லி அக்காவால் எதையும் தனியாகப் பார்க்க முடியாது. தள்ளுவண்டியில் கத்திரிக்காய் வாங்கினால் கைக்கு ஒன்றாக எடுத்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "இதுக்கு இது சோடி" என்று சொன்ன பிறகுதான் தட்டில் போடுவாள். கத்திரிக்காயோடு நின்றால் பரவாயில்லை. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பெண்களையும் அப்படித்தான் பார்ப்பாள்.

"பாக்கியம், அந்த நீலப் பொடவைக்கும் கேனோட நிக்கிறவங்களுக்கும் சோடி சேரும் பாரு. ஓடச் சொன்னா ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போய்ச் சேருவாங்க" என்பாள் என்னிடம்.

அந்த நீலப் புடவைக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஓடுகிற உத்தேசம் எதுவும் அவரிடம் தெரியாது.

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து இந்தப் பழக்கத்தைப் பார்க்கிறேன். எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு ஒரு நாள் சொன்னாள். சின்ன வயதில் அவள் தெருவில் எந்த ஆட்டமானாலும் முதலில் உத்தி பிரிப்பார்களாம். இரண்டு பேர் தலைவர்கள். மற்றவர்கள் பலத்தில் சமமான இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, தோளில் கை போட்டுத் தள்ளிப் போய், ஆளுக்கொரு பெயர் ரகசியமாக வைத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். "கப்பல் வேணுமா, கட்டுமரம் வேணுமா?" என்று கேட்பார்கள். தலைவர் கப்பல் என்றால் கப்பல் அவர் பக்கம், கட்டுமரம் எதிர்ப் பக்கம். எது யார் என்று கேட்கும்வரை தெரியாது. சோடி சமமாக இருந்தால்தான் ஆட்டம் சமமாக இருக்கும். சுமாரான ஒருத்தி கெட்டிக்காரியோடு தோளில் கை போட்டுக்கொண்டு வந்தால் "ஏமாத்து, ஏமாத்து" என்று தெருவே கத்துமாம்.

நானும் உத்தி பிரித்து ஆடியவள்தான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் எனக்கு அது மறந்துபோயிற்று. அக்காவுக்கு மறக்கவில்லை.

அவளுடைய அப்பா மில் தொழிலாளி. பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர் கையில் கொடுத்த கூடைப்பந்தை அக்கா அதற்கப்புறம் கீழே வைக்கவில்லை. ஐந்து பேர் ஆடுகிற அணியில் நான்கு பேர் முன்னால் ஓடுவார்கள். ஒருத்தி பந்தைத் தட்டிக்கொண்டே ஏறி வந்து, யார் கை சும்மா இருக்கிறது என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். அக்கா அந்த ஒருத்தி. பள்ளிக்கூட அணிக்கு ஆடினாள், பாண்டிச்சேரி அணிக்கு ஆடினாள். கிடைத்ததெல்லாம் எவர்சில்வர் தட்டும் பாராட்டும்தான். கல்யாணமாயிற்று. பால் பூத்தில் வேலை கிடைத்தது. ஒரு பெண் பிறந்தாள். காலையில் பால், மாலையில் பந்து என்று அவள் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

அவள் வீட்டுக்காரர் கலியமூர்த்தி அண்ணன் டெம்போ ஓட்டுகிறார். அந்த நாட்களில் ஒரே ஒரு முறைதான் ஆட்டம் பார்க்க வந்தார். "ஓட்டக் கூடைடி அது. போடப் போட கீழ வுழுவுது. அதுக்குப் பத்து பேர் அடிச்சிக்கிறீங்க" என்றார். ஆனால் மைதானத்துக்குப் போகாதே என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

2006இல் ஊரில் நான்கு முதலாளிகள் சேர்ந்து பெண்களுக்கு ஒரு கூடைப்பந்து லீக் ஆரம்பித்தார்கள். மூன்று மாதம் ஆட்டம், ஆடுகிறவர்களுக்கு மாதச் சம்பளம். அக்காவை எடுத்துக்கொண்டவர் வீராம்பட்டினம் போகிற வழியில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் கன்னியப்பன். ஊரில் அந்த அணிக்கு ஐஸ் கம்பெனி டீம் என்றே பெயர். முப்பத்திரண்டு வயதில் அக்காவுக்கு விளையாடுவதற்குச் சம்பளம் வந்தது. கவரை வாங்கும்போது அவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பூத்துக்குப் பால் வாங்க வந்த பிள்ளைகள் "பந்தாட்ட அக்கா" என்று கூப்பிட்டபோதுதான் அவளுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு வந்தது.

அந்த முதல் வருடம் லீக் உருப்படவில்லை. சாரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் இராமதாஸ், ஊரில் நன்றாக ஆடுகிற பெண்களையெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார். அவர் அணி எல்லா ஆட்டத்திலும் ஜெயித்தது, எங்கள் அணி எல்லாவற்றிலும் தோற்றது. முடிவு முன்பே தெரிந்த ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? கடைசி வாரங்களில் வேடிக்கை பார்க்க வந்தவர்களைவிடச் சுண்டல் விற்பவர்கள் அதிகம்.

லீக் செயலாளர் அரிகிருஷ்ணன் ஐயா, பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் அவரைப் பிரெஞ்சில் ஐயா என்கிற மாதிரி முசியே என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்தான் இரண்டாம் வருடத்துக்குப் புது ஏற்பாடு கொண்டுவந்தார். அமெரிக்காவில் பெண்கள் லீக்கில் புது ஆட்களை டிராஃப்ட் என்ற முறையில் எடுப்பார்களாம். யாரும் யாரையும் தனியாகப் பேசி வைக்கக் கூடாது. எல்லாப் பெயரும் பொதுவில் இருக்கும். போன வருடம் பின்தங்கிய அணிகள் முதலில் ஒவ்வொரு பெயராகச் சொல்லி எடுக்கும், நன்றாக ஆடிய அணிகள் கடைசியில். அங்கே பின்தங்கிய அணிகளுக்குள் குலுக்கல் எல்லாம் உண்டாம். நமக்கு இருப்பதே நான்கு அணி, குலுக்கல் வேண்டாம் என்று விட்டுவிட்டார். ஒவ்வொரு அணியும் பழைய ஆட்களில் நான்கு பேரை மட்டும் வைத்துக்கொள்ளலாம். கன்னியப்பன் வைத்துக்கொண்ட நால்வரில் அக்கா ஒருத்தி. கேப்டனும் அவளே.

ஆட்களைப் பார்ப்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர்வு ஆட்டம் வைத்தார்கள். வில்லியனூர், பாகூர் பக்கத்திலிருந்தெல்லாம் பெண்கள் வந்தார்கள். அன்று மாலை அக்கா வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வீராம்பட்டினத்திலேர்ந்து பூவிழின்னு ஒரு பொண்ணு வந்துது. செருப்புக் கடையில வேல செய்யுது. அது எந்த டீமுக்கு வேணாப் போவட்டும் பாக்கியம். நம்ம டீமுக்கு மட்டும் வரக் கூடாது."

"ஏன்க்கா, சரியா ஆடலியா?"

"நல்லாத்தான் ஆடுது. நான் ஆடுற எடத்துல ஆடுது."

எனக்குப் புரிந்தது. பந்தை ஏற்றிக்கொண்டு வருகிற இடம் ஒன்றுதான். பூவிழி வந்தால் இரண்டு பேரில் ஒருத்தி பெஞ்சில் உட்கார வேண்டும். அக்காவுக்கு முப்பத்து மூன்று வயது. உட்கார்ந்தால் மறுபடி எழுந்து ஆடுகிற வயது இல்லை. இத்தனை வருடம் கழித்துக் கிடைத்த இடம், ஒரே வருடத்தில் போய்விடுமா என்பதுதான் அவள் கவலை.

டிராஃப்ட் ஒரு சனிக்கிழமை பதினோரு மணிக்கு, ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில். முதலாளிகள் நடுவில் தனியாக உட்காரக் கூச்சமாக இருக்கிறது என்று அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். நான் அவளைவிடக் கூச்சப்படுகிறவள் என்பது அவளுக்கு நினைவில்லை. கரும்பலகையில் பெயர்கள் வரிசையாக எழுதியிருந்தன. பெயருக்குரிய பெண்கள் வெளியே பூவரசு மரத்தடியில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று முதலாளிகள் வந்துவிட்டார்கள். முதல் பெயரைச் சொல்ல வேண்டிய கன்னியப்பனைக் காணவில்லை.

"மணி ஆச்சி முசியே. ஐஸ் கம்பெனி வரலன்னா அடுத்த ஆளு எடுக்கட்டும்" என்றார் டைல்ஸ் கடை இராமதாஸ்.

முசியே கன்னியப்பனின் கைபேசிக்குப் போட்டார். ஃபேக்டரியில் ஐஸ் உடைக்கிற ஆள் எடுத்தார். அவர் மெஷின் சத்தத்துக்கு மேல் கத்தியதால் வகுப்பறை முழுக்கக் கேட்டது.

"மொதலாளி போனை இங்கியே வச்சிட்டு பேங்க்குக்குப் போயிருக்காருங்க. ஏதோ டிராஃப்டாம். அவருதான் மொதல்ல எடுக்கணும்னு சொல்லிட்டாங்களாம். கதவு தொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு."

முசியே கைபேசியை மேசையில் வைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்பு என்னுதுதான். 'சனிக்கெழம டிராஃப்ட், நீங்கதான் மொதல்ல எடுக்கணும்'னு போன்ல சொன்னேன். 'யார் பேருல எடுக்கறது'ன்னு கேட்டாரு. 'அது உங்க இஷ்டம், ஆனா ஒரு நேரத்துல ஒரு பேருதான்'னேன். 'அப்படின்னா யோசிச்சுத்தான் எடுக்கணும்'னாரு. 'ஆமா, நல்லா யோசிங்க'ன்னேன்."

இராமதாஸ் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். லாட்ஜ் வைத்திருக்கும் இன்னொரு அணி முதலாளிக்குப் புரையேறிவிட்டது. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

சிரிப்பு அடங்கியதும் இராமதாஸ் விடவில்லை. "விதின்னா விதிதான். பத்து நிமிஷத்துல பேர் சொல்லலன்னா அந்த வாய்ப்பு போயிடும்னு நீங்கதான் எழுதி வச்சீங்க."

"தக்கோர்" என்றார் முசியே. சரி என்பதற்கு அவர் அப்படித்தான் சொல்வார். "ஆனா முதலாளி இல்லன்னா கேப்டன் சொல்லலாம்னும் எழுதி வச்சிருக்கேன். அமிர்தவல்லி, உனக்குப் பத்து நிமிஷம்."

அக்கா எழுந்து நின்றாள். பிறகு எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் உட்கார்ந்தாள்.

யார் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதில் அந்த அறையில் யாருக்கும் சந்தேகமில்லை. நிர்மலாதேவி. ஆறடி உயரம், காலேஜில் ஆடுகிறவள். கூடைக்குக் கீழே கையைத் தூக்கினால் பந்து அவள் கைக்கு வந்துதான் ஆக வேண்டும். "எப்படியாவது அந்த நெட்டச்சியப் புடிச்சிடணும் அமிர்தம்" என்று கன்னியப்பன் வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவளைச் சொல்லிவிட்டால் அக்காவின் இடத்துக்கும் ஆபத்தில்லை. எங்களுக்கு அடுத்து எடுக்கிற யாராவது பூவிழியைக் கொண்டு போய்விடுவார்கள்.

"நெட்டச்சியச் சொல்லிடுக்கா" என்றேன் காதோடு.

அக்கா கரும்பலகையைப் பார்த்தபடியே மெதுவாகப் பேசினாள். "நெட்டச்சிக்குச் சோடி இருக்குது. அங்க கீழ்வரிசையில பாரு. சின்னப்பாப்பா."

"அது யாரு?"

"பாகூர்ப் பொண்ணு. யார்கிட்டயோ எரவல் வாங்கின ஷூவைப் போட்டுக்கிட்டு அன்னிக்கு ஓட முடியாம நொண்டிச்சி. எல்லாரும் அதத்தான் பாத்தாங்க. பந்து மேல போவசொல்ல ரெண்டும் ஒரே நேரம் எகிறுச்சிங்க. ஒரு வெரல் வித்தியாசம். சோடி இருக்கறவள எடுக்க அவசரப்பட வேணாம் பாக்கியம். ஒருத்தி போனா இன்னொருத்தி நமக்கு நிப்பா. சோடியில்லாதவ போனாத்தான் போயிட்டா."

"அப்ப சோடியில்லாதது யாரு?"

அவள் கண் பலகையில் பூவிழி பெயரிலேயே இருந்தது. நான் பலகையைப் பார்த்துவிட்டுச் சொன்னேன். "பூவிழிக்குச் சோடி நீதான்க்கா. நீதான் ஏற்கெனவே டீம்ல இருக்கியே. அவ எதுக்கு?"

"அதத்தான் ஞாயித்துக்கெழமையிலேர்ந்து எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருக்கேன்." அக்கா இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலில் தேய்த்தாள். "அன்னிக்கு அவள மறிச்சிக்கிட்டு நின்னேன். மொத தடவ என்னத் தாண்டிப் போனப்ப கால் வழுக்கிடுச்சின்னு நெனச்சேன். ரெண்டாவது தடவ வெயிலு கண்ணுல பட்டுதுன்னு நெனச்சேன். மூணாவது தடவ நெனைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. என் காலு போறதுக்குள்ள அவ போயிட்டா. அவளோட தோள்ல கை போட்டுக்கிட்டு நான் போனா, ஏமாத்துன்னு கத்துவாங்க."

"ஒன் எடம் போயிடும்க்கா."

"தெரியுது."

முசியே மணியைப் பார்த்தார். இராமதாஸ் நாற்காலியைப் பின்னால் சாய்த்து ஆட்டிக்கொண்டிருந்தார். அக்கா இந்த முறை நிதானமாக எழுந்து நின்றாள்.

"ஐஸ் கம்பெனி டீமுக்கு பூவிழி" என்றாள். பால் பூத்தில் வரிசையின் கடைசிவரை எட்டுகிற குரல் அது. மரத்தடிக்கும் கேட்டிருக்க வேண்டும். அங்கே யாரோ ஒரு பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நெட்டச்சிய வுட்டுட்டு குட்டச்சிய எடுத்திருக்கு!" இராமதாஸின் நாற்காலி டக்கென்று நேரானது. "ஐஸு இங்கியே உருகிடுச்சிடோய்!"

அடுத்து எடுக்க வேண்டியவர் லாட்ஜ் முதலாளி. இன்னும் நம்பாதவர் மாதிரி "நிர்மலாதேவி" என்று அவசரமாகச் சொன்னார். மூன்றாவது அணி ஒரு பெயர் சொன்னது. நான்காவது இராமதாஸ். அவர் பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தார். அக்கா என் கையைப் பிடித்தாள். கீழ்வரிசையில் அவர் கண் நின்றது.

"சின்னப்பாப்பா. பேரே சின்னப்பாப்பா! இது எங்க எட்டிப் போடப் போவுது" என்று சொல்லிவிட்டு, தூரத்திலிருந்து குறி பார்த்துப் போடுகிற ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்.

சுற்று மறுபடி எங்களுக்கு வந்தது.

"சின்னப்பாப்பா" என்றாள் அக்கா.

ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் எழுந்தாள். எழுந்துகொண்டே இருந்தாள். அவள் தலை பூவரசின் தாழ்ந்த கிளையில் இடித்துக்கொண்டது. இராமதாஸ் எழுந்து போய் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். "அடப்பாவிங்களா, இது எப்ப வந்துது?"

எல்லாம் முடிந்து டீ வந்தபோது கன்னியப்பன் வேர்த்து விறுவிறுத்து உள்ளே நுழைந்தார். கையில் நீளமான கவர். "இந்தாங்க முசியே, ஆள் எடுக்கறதுக்குக் கட்டற பணம். பேங்க்ல மொத ஆளு நாந்தான், கவுன்ட்டர்ல இருந்தவன்தான் லேட்டாக்கிட்டான். யார் பேருல எடுக்கறதுன்னு யோசிச்சு யோசிச்சு கடைசியில உங்க பேருக்கே எடுத்துட்டேன்."

அவருக்கு விஷயத்தைப் புரிய வைக்க ஒரு டீ ஆறிப்போகும் நேரம் ஆனது. கூட்டத்தோடு சேர்ந்து அவரும் சிரித்தார். பிறகு பலகையில் எங்கள் அணிக்கு நேராக முதலில் எழுதியிருந்த பெயரைப் படித்தார். சிரிப்பு நின்றது.

"புத்தி கித்தி கெட்டுப்போச்சா அமிர்தம்? நெட்டச்சி எங்க? ஒன் எடத்துக்கே ஆளு எடுத்திருக்க. அப்ப நீ எங்க ஆடுவ?"

"பெஞ்சில ஒக்காருவேன் மொதலாளி. அவ மூச்சு வாங்கறப்ப போவேன்."

"தோத்துப்போனா?"

"அமிர்தவல்லி எடுத்த ஆளுன்னு ஊரெல்லாம் சொல்லுங்க. அதுக்குத்தானே கேப்டன்னு பேரு வச்சிருக்கீங்க."

கன்னியப்பனுக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் பலகையில் எழுதியதை அழிக்க விதியில் இடமில்லை.

அந்த வருட முதல் ஆட்டத்தில் அக்காதான் இறங்க வேண்டும் என்று கன்னியப்பன் சொல்லியிருந்தார். பூவிழியும் அக்கா பக்கத்தில் வந்து, "நீங்க ஆடுங்கக்கா, நான் அப்புறமா வர்றேன்" என்றாள். அக்கா அவள் முதுகில் ஒன்று வைத்து உள்ளே தள்ளிவிட்டாள். நான் பெஞ்சுக்குப் பின்னால் தண்ணீர்க் கேனோடு நின்றிருந்தேன். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம் வரை அக்காவின் இரண்டு பாதங்களும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தன. பூவிழி நடுவில் புகுந்து, பார்க்காமலே பின்பக்கம் கொடுத்த பந்தைச் சின்னப்பாப்பா கூடைக்குள் போட்டாள். பாதங்கள் நின்றன. "பாத்தியா" என்றாள் அக்கா. என்னிடமா, கன்னியப்பனிடமா என்று தெரியவில்லை. அவரும் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

அந்தப் பருவம் முழுக்க அக்கா ஆடியது கொஞ்ச நேரம்தான். டைல்ஸ் கடை அணியோடு ஆடிய ஆட்டத்தில் மட்டும், ஜெயிக்கிறவர்கள் ஃபைனலுக்குப் போவார்கள் என்ற நிலையில், பூவிழி ஐந்து ஃபவுல் செய்து வெளியே வந்துவிட்டாள். அக்கா உள்ளே போனாள். ஓடவில்லை, எகிறவில்லை. பந்தைக் கையை விட்டுப் போகாமல் தட்டிக்கொண்டு, எதிராளிகளைத் தன்னிடம் வர வைத்து, வந்ததும் சின்னப்பாப்பாவிடம் கொடுத்து, ஆட்டத்தை முடித்துவிட்டுத்தான் வந்தாள். கலியமூர்த்தி அண்ணன் அன்று சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். ஓட்டைக் கூடை என்று சொல்லவில்லை. விசில் அடித்தார்.

ஃபைனலில் லாட்ஜ் அணியிடம் தோற்றோம். நிர்மலாதேவி அன்று தனியாளாகவே எங்களைத் தோற்கடித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். கோப்பை கொடுத்து முடிந்ததும் இராமதாஸ் அக்காவிடம் வந்தார்.

"அன்னிக்கு நெட்டச்சிய எடுத்திருந்தா இந்தக் கப்பு ஒங்க வீட்ல இருந்திருக்கும்."

"எடுத்திருந்தா ஃபைனலுக்கே வந்திருக்க மாட்டோம் சார். அந்த எடம் வரைக்கும் எங்களக் கொண்டாந்தது பூவிழின்னு மறந்துட்டீங்களா?"

"திருப்பி எடுக்கச் சொன்னா?"

"இதே பேருதான். இதே மாதிரி சத்தமாச் சொல்லுவேன்."

கன்னியப்பன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார். மறுநாள் பால் பூத்துக்கு வந்து, இனிமேல் ஆள் எடுக்கிற வேலை உன்னுடையது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இது 2009. லீக் நான்காவது வருடமாக நடக்கிறது. ஐஸ் கம்பெனி அணிக்குப் பூவிழி கேப்டன். அமிர்தவல்லி அக்கா ஆடுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. காலையில் பால் பூத்தில் இருக்கிறாள், மாலையில் அணியோடு மைதானத்தில் இருக்கிறாள். அணிக்கு ஆள் எடுப்பவள் அவள்தான், அதற்குச் சம்பளமும் வாங்குகிறாள். கோப்பை இன்னும் கிடைக்கவில்லை.